சொற்களின் பிறப்பிடம் தேடிய நீதிபதி

பட்டிப்பொலையில் பொழுது சாயுமுன்னரே பனி இறங்கிவிடும். இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையம் இங்குதான் அமைந்துள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கும் சற்று அதிகம். அத்தகைய ஒரு மாலையில் மாணவன் ஒருவன் பழைய ஆங்கில நூலொன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஒரு சொல்லுக்குப் பொருள் வினவினான். 'கானிக்கோப்பொலி' என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். பள்ளி அகராதியில் அச்சொல் இல்லை. எனக்கும் விளங்கவில்லை. என்னிடமிருந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டினேன். கண்டபோது இருவரும் நகைத்தோம். அது வேறொன்றுமன்று, நமது கணக்கப்பிள்ளை! அம்மாணவனின் தந்தையார் தோட்டத்தில் வகிக்கும் உத்தியோகமே ஆங்கில வேடம் புனைந்து அந்நூலில் நின்றது.

அச்சொல்லை நமக்கு அடையாளங் காட்டிய இருவருள் ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர விழைகின்றேன். அவர் ஆதர் கோக் பேர்ணல்.

1840ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் பிறந்த பேர்ணல், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பயின்று, 1860இல் சென்னை மாகாண சிவில் சேவையில் அமர்ந்தார். மங்களூரிலும் தஞ்சாவூரிலும் நீதிபதியாகப் பணியாற்றினார். பகலில் வழக்குகளைக் கேட்டவர், எஞ்சிய பொழுதையெல்லாம் ஏடுகளுக்கே ஈந்தார். தாம் தேடிச் சேர்த்த 350 வடமொழிச் சுவடிகளை 1870இல் இலண்டன் இந்தியா அலுவலக நூலகத்துக்கு அன்பளிப்பாக அளித்தார். தென்னிந்திய எழுத்துக்களின் வரலாற்றை ஆராய்ந்து 1874இல் நூல் வெளியிட்டார். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளைப் பகுத்து அவர் ஆக்கிய அட்டவணை 1880இல் நிறைவெய்தியது. சரசுவதி மகாலின் செல்வத்தை உலகறியச் செய்தவர்களுள் அவர் முன்னிற்பவர்.

1872இல் கர்னல் ஹென்றி யூலின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்துப் புகழ்பெற்றவர் யூல். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சிற் கலந்த கீழைநாட்டுச் சொற்களை இருவருமே, ஒருவரையொருவர் அறியாது, தனித்தனியே குறித்து வந்திருந்தனர். பின்னர் இருவர் முயற்சியும் ஒன்றாயிற்று. பல ஆண்டுகள் கடல் கடந்து கடிதங்கள் போயும் வந்தும் அகராதி வளர்ந்தது.

பொருள் கூறுவதோடு அவர்கள் அமையவில்லை. ஒரு சொல்லை எந்த ஆண்டில், எந்தப் பயணி, எவ்வாறு எழுதினான் என்பதையும் வரிசைப்படுத்தினர். கணக்கப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதத்திலேயே அச்சொல் இடம்பெற்றுவிட்டதென அந்நூல் காட்டுகின்றது. கட்டுமரம், சுருட்டு, கஞ்சி, பந்தல், தோப்பு, மிளகுத்தண்ணீர் யாவும் இவ்வாறே தத்தம் வரலாற்றோடு அதில் வீற்றிருக்கின்றன. நூலின் விசித்திரமான பெயருங்கூட, முகர்ரம் ஊர்வலத்தில் எழும் ஹசன், உசைன் என்னும் முழக்கத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் திரித்து வழங்கியதன் விளைவே.

ஆயினும் ஒரு சொல்லைக் காணும்போது என் உள்ளம் நகைப்பதில்லை. 'கூலி' என்பதே அச்சொல். குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரையும், ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லையும் அந்நூல் அருகருகே வைத்து ஆராய்கின்றது. நமக்கு அது உழைப்புக்குரிய ஊதியம். துரைமாரின் வாயில் அது உழைத்த மனிதனுக்கே பெயராகி, ஏளனமும் ஆயிற்று. பேர்ணல் தென்னாட்டில் ஏடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், தஞ்சை, திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கங்காணிமாரின் பின்னே இம்மலைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய பெயர்களுக்கு அகராதி இல்லை. பேர்ணலும் ஆளுங் குழாத்தைச் சேர்ந்தவரே. அந்நூலும் ஆண்டவர்களின் பேச்சையே தொகுத்தது. இதனை மறைத்தல் தகாது. ஆனால் ஒரு சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்த நேர்மையும் அவர்களுடையதே. அந்நேர்மையாலன்றோ நம்முடையதை நம்முடையதென்று நாம் இன்று நிறுவ முடிகின்றது?

ஓயாத உழைப்பும் சென்னை மாகாணத்தின் வெப்பமும் பேர்ணலின் உடலை வருத்தின. நலங்குன்றித் தாயகம் திரும்பிய அவர், 1882 அக்டோபர் 12ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில் காலமானார். மனு நூலின் மொழிபெயர்ப்பும், லின்ஸ்கோட்டனின் பயண நூற் பதிப்பும் அரைகுறையாய் நின்றன. அவற்றைப் பிறர் முடித்தனர். ஹாப்சன்-ஜாப்சன் 1886இல்தான் வெளிவந்தது. நூலின் பெரும்பகுதியை எழுதியவர் யூல். எனினும் மறைந்த நண்பரின் பெயரைத் தம் பெயரோடு முகப்பிற் பொறித்தார். அச்சிட்ட நூலைக் காணும் பேறு பேர்ணலுக்குக் கிட்டவில்லை.

ஆங்கிலத்தில் 'கானிக்கோப்பொலி' வழக்கொழிந்து போயிற்று. மலையகத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை இன்றும் வாழ்கின்றது. மறுநாள் அம்மாணவனின் குறிப்பேட்டைக் கண்டேன். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே பொருளைத் தமிழில் எழுதி, அதன் கீழே தன் தந்தையின் பெயரையும் எழுதியிருந்தான். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.