மல்லாட்டை, ஊக்கு, காசு... 2,374 பொருள்களைச் சேர்த்து வைத்த தொண்டை டாக்டர்!

மல்லாட்டை பிடுங்குற சீசன்ல தேசூர் பக்கம் போயிருக்கீங்களா? (சென்னைவாசிகளுக்கு: வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டைன்னு சொல்வாங்க.) திண்ணையில் குவியல் குவியலாகக் கொட்டி ஆய்ந்துகொண்டிருப்பார்கள். வீட்டுக்குள்ளே தறிச்சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டுன்னு நாம ஆசையாக வாங்கும் புடவைகள் உருவாகும் வட்டாரம் அது. அம்மா தறியில், பாட்டி ராட்டையில், நடுவில் தவழும் குழந்தை. கையில் என்ன கிடைத்தாலும் அது நேராக வாய்க்குத்தான் போகும்.

அந்த ஒரு பருப்பு வயிற்றுக்குப் போனால் பிரச்னை இல்லை. மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டும். அங்கே டாக்டர், வாய் வழியாக விளக்கு வைத்த ஒரு குழாயை விட்டு, உள்ளே பார்த்து, பருப்பை இடுக்கியால் எடுப்பார். அந்தக் குழாய்க்குப் பெயர் பிராங்கோஸ்கோப். அதைப் பத்திரமாகப் பயன்படுத்த உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஷெவாலியர் ஜாக்சன். அமெரிக்காக்காரர்.

1865-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. பள்ளியில் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பையன். கூடப் படித்தவர்கள் அவரைப் படுத்தாத பாடு இல்லை. நண்பர்களுக்குப் பதிலாக மரவேலைக் கருவிகளோடு பழகினார். பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்களில் ஓவியம் வரைந்து காசு சேர்த்துதான் மருத்துவம் படித்தார். 1886-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் கல்லூரியில் பட்டம். தறிக்காரருக்கு விரல் பேசுகிற மாதிரி இவருக்கும் விரல்கள் பேசும். இரண்டு கைகளாலும் ஒரே மாதிரி வேலை செய்வார்!

1890-ல், 25 வயதில், உணவுக்குழாய்க்குள் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். இங்கேதான் கதையில் சிக்கல் வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு மருத்துவக் கருவியை விற்க யார் அனுமதியும் தேவையில்லை. நீங்க ஒரு குழாய் செய்யலாம், நான் அதை வாங்கி யார் தொண்டையிலும் விடலாம். கேள்வி கேட்க ஆள் கிடையாது. பழக்கமில்லாத கைகளில் இந்தக் குழாய் உணவுக்குழாயைக் கிழிக்கும் ஆயுதம் ஆகிவிடும் என்பது ஜாக்சனுக்குச் சீக்கிரமே புரிந்தது. சட்டம் இல்லாத இடத்தில் அவரே தனக்குச் சட்டம் போட்டுக்கொண்டார். முதலில் பயிற்சி, பிறகுதான் நோயாளி. பொம்மையின் தொண்டைக்குள் பொருளைப் போட்டு எடுத்துப் பழகு. கஷ்டமான கேஸ் வந்தால், அதே மாதிரி பொருளை வைத்து ஒத்திகை பார். கை பழகிய பிறகே குழந்தையைத் தொடு.

ஒண்ணு சொல்லிடணும். மூச்சுக்குழாயில் இதை முதலில் செய்தவர் ஜாக்சன் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியான் என்பவர், 1897-ல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்புத்துண்டை வெளியே எடுத்தார். ஜாக்சன் குழாயின் உள்முனையிலேயே குட்டி விளக்கைப் பொருத்தினார், சளியை உறிஞ்சி எடுக்க வழி வைத்தார். 1907-ல் இந்தத் துறையின் முதல் பாடப்புத்தகத்தை எழுதி, அதைக் கில்லியானுக்கே சமர்ப்பித்தார். கிரெடிட் கொடுக்கத் தெரிந்த மனுஷன்.

சரி, மல்லாட்டைக்கு வருவோம். ஜாக்சனை அதிகம் பயமுறுத்தியது ஊசியோ ஆணியோ அல்ல, இந்தப் பருப்புதான். உலோகம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். பருப்பு தெரியாது. குழந்தை ஒரு நிமிடம் மூச்சுத்திணறி இருமும், அப்புறம் அடங்கிவிடும். வீட்டில் எல்லோரும், அப்பாடா, போயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஆனால் பருப்பு உள்ளே ஊறிப் பெருக்கும். அதன் எண்ணெய் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். சில நாள் கழித்து காய்ச்சல், இருமல், இழுப்பு. ஆஸ்துமா என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பாதிப்புக்கு மல்லாட்டையின் தாவரவியல் பெயரை வைத்தே ஒரு பெயர் சூட்டினார் ஜாக்சன். கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்க வீட்டுக் குட்டிக்குத் திடீரென ஒரு பக்கம் மட்டும் இழுப்பு வந்தால், அதற்கு முன்னால் எதையாவது சாப்பிடும்போது புரையேறியதா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க.

இன்னொரு வில்லன், ஊக்கு. நம்ம அம்மாக்கள் தாலிச் சங்கிலியில் மாட்டி வைத்திருப்பார்களே, அதுதான். திறந்த ஊக்கு கூர்முனை மேல்நோக்கி மாட்டிக்கொண்டால், இழுக்க இழுக்கக் குத்திக் கிழிக்கும். உள்ளேயே வைத்து ஊக்கை மூடி எடுக்கத் தனி இடுக்கியே உருவாக்கினார். மூச்சுக்குழாயில் பொருள் சிக்கியவர்களில் நூற்றுக்கு 24 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது 2 ஆகக் குறைந்தது.

ஆனா எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது வேறொரு காரணத்துக்காக. பிட்ஸ்பர்க்கில் ஒரு ஏழைச் சிறுமியை அவரிடம் கொண்டுவந்தார்கள். சோப்பு தயாரிக்க வீட்டில் வைத்திருந்த காரத்தை, காஸ்டிக் சோடாவை, சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டிருக்கிறாள். உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. ஜாக்சன் குழாயை விட்டு அடைப்பை நீக்கியதும், ஒரு டம்ளர் தண்ணீரைப் பயந்து பயந்து குடித்தாள். இறங்கியது. அவள் அவர் கையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேறு ஒருவராக இருந்தால் அந்த முத்தத்தோடு திருப்தி அடைந்திருப்பார். ஜாக்சனோ டப்பாவைப் பார்த்தார். அதன்மேல் விஷம் என்று எழுதியிருக்கவில்லை! ஒவ்வொரு குழந்தையாகக் காப்பாற்றினால் போதாது, டப்பாவில் எழுத வைக்க வேண்டும் என்று கிளம்பினார். பல வருடங்கள் மருத்துவச் சங்கங்களிடமும் அரசியல்வாதிகளிடமும் நடையாய் நடந்தார். நடுவில் காசநோய் வந்து படுக்கையில் கிடந்தார், அப்போதும் புத்தகம் எழுதினார். கடைசியில் 1927 மார்ச் 4 அன்று, அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் காரப் பொருள்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். விஷம் என்ற சொல்லும், தெரியாமல் விழுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் டப்பா மேல் இருந்தே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

டப்பாவுக்குச் சட்டம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த குழாய்க்கு? அது ரொம்பத் தாமதம். அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு முன்பே பரிசோதித்து அனுமதிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கான விதிகள் 2017-ல் வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளைப் போலவே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகை. இன்றைக்கு ஒரு புது பிராங்கோஸ்கோப் இங்கே விற்பனைக்கு வர வேண்டுமானால் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். கழுவிக் கிருமி நீக்க முடியுமா என்பது முக்கியமான கேள்வி. ஒருவர் நுரையீரலுக்குள் போன குழாய்தானே அடுத்தவருக்கும் போகிறது!

குழாயும் மாறிவிட்டது. ஜாக்சனுடையது விறைப்பான உலோகம். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950-களில் கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டினார். அந்தத் தொழில்நுட்பத்தை வைத்து 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா வளையும் பிராங்கோஸ்கோப்பை உருவாக்கினார். ஆனாலும் குழந்தையின் மூச்சுக்குழாயில் பருப்பு சிக்கினால், பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் முதலில் தேடுவது அந்தப் பழைய விறைப்பான குழாயைத்தான்.

1958 ஆகஸ்ட் 16 அன்று, 92 வயதில் ஜாக்சன் இறந்தார். வெளியே எடுத்த பொருள்களை அவர் யாரிடமும் திருப்பிக் கொடுத்ததில்லை. காசு கேட்டுச் சண்டை போட்டவருக்கும்கூட! அவை எல்லாமே அவருக்குப் பாடப் பொருள்கள். ஃபிலடெல்ஃபியாவின் மட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக 2,374 பொருள்கள் இன்றும் இருக்கின்றன. ஊக்குகள், பொத்தான்கள், காசுகள், எலும்புகள், பொம்மை பைனாகுலர். கூடவே, அதிர்ஷ்டத்துக்காகக் கூடவே வைத்திருக்கச் சொல்லும் ஒரு குட்டி மெடலும்.