பல்லாவரத்திற் கற்கருவி கண்ட ஃபூட் துரைமகனார்

பல்லாவரம் என்றவுடன் நம்மவருள் முதியோர்க்கு மறைமலையடிகளார் வாழ்ந்த மனை நினைவுக்கு வரும். இளையோர்க்கு வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவுக்கு வரும். வரலாறு கற்றார் சிலர்க்கு மகேந்திரவர்மப் பல்லவன் குன்றிற் குடைவித்த கோயில் நினைவுக்கு வரும். ஆனால் தொல்பொருள் நூலோர் உலகில் இவ்வூரின் பெயர் நிலைபெற்றிருப்பது இவற்றுள் எதனாலும் அன்று. கையில் அடங்கும் ஒரு கல்லினால் ஆகும். அக்கல்லைக் கண்டெடுத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலப் பெருமகனார். அவர் நம் மரபினரும் அல்லர், நம் நாட்டிற் பிறந்தாரும் அல்லர். ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல குடியிருக்கும் இப்பகுதியின் பழமையை முதன்முதல் உலகறியச் செய்தவர் அவரேயாதலின், அவர் வரலாற்றை நம் இதழிற் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

ஃபூட் இங்கிலாந்து தேயத்துச் செல்டன்ஹாம் நகரில் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தார். 1858-ஆம் ஆண்டின் இறுதியில், தம் இருபத்துநான்காம் வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் அமர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஊரூராய்ச் சென்று அளந்து படம் வரைதலே அவர்க்கு இட்ட பணி. பழம்பொருள் தேடுதல் அப்பணியிற் சேர்ந்ததன்று; அது அவர் தாமாக மேற்கொண்டது.

இவ்விடத்து நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்று உண்டு. அவர் மணந்த மங்கையார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர்ச் சென்னையிலே தினவர்த்தமானி என்னும் தமிழ்த்தாளை நடத்தியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவரும் ஆகிய அப்பெர்சிவலே இவர் மாமனார். எனவே கல்லை ஆய்ந்த மருமகனும் சொல்லை ஆய்ந்த மாமனுமாகத் தமிழ்நாட்டிற்கு இருவரும் பயன்பட்டனர்.

ஃபூட் பணியேற்ற மறு ஆண்டு, 1859-இல், ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்குத் தீர்ந்தது. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றின் சரளைப் படிவுகளிலே, அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு, மனிதர் செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் கிடைக்கின்றன என்று பூஷே தெ பெர்த் என்பவர் பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். அவரைக் கற்றோர் எள்ளி நகையாடினர். அவ்வாண்டில் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரிற் சென்று கண்டு, அவர் சொல் மெய்யே என்று சான்று பகர்ந்தனர். மனிதர் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்னும் கொள்கை அன்றோடு ஆட்டங்கண்டது. அச்செய்தி சென்னைக்கு எட்டியபோது, அத்தகைய கற்கள் இந்நாட்டிலும் இருத்தல் கூடும் என்னும் எண்ணம் ஃபூட்டின் உள்ளத்தில் வேரூன்றியது. ஈண்டுக் கூறிய ஜான் எவான்ஸ் என்னும் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. அவர் மகனாரைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1863-ஆம் ஆண்டு மேத்திங்கள் 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படைப்பாளையத்திற்கு அண்மையில் செம்புராங்கற் சரளை வெட்டிய ஒரு சிறு குழியருகே, வாரியெறிந்த கற்களினிடையே ஒரு கல் அவர் கண்ணிற் பட்டது. அது குவார்ட்சைட்டு என்னும் வன்கல்லாலானது. இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. பல்லாவரக் குன்றின் பாறையோ முற்றும் வேறு. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று ஜாப் சார்னக் என்பாரின் கல்லறையாய் அமைந்ததனால், 1893-இல் ஹாலந்து என்பவர் சார்னகைட்டு என்று பெயரிட்ட கருங்கல் அது. ஆகவே அவ்விடத்துப் பாறை தானே உடைந்து அவ்வடிவு பெற்றது என்று சொல்ல வழியில்லை. இருபத்தெட்டு வயதினரான ஃபூட் அஃது மனிதக் கைத்தொழிலே என உடனே தெளிந்தார்.

எனினும், குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட ஒற்றைக் கல் வழக்காடுவதற்குப் போதாது. அது மேலேயிருந்து பின்னாளில் விழுந்தது என்று எவரும் மறுக்கலாம். அதனால் அவரும் அவர் உடன்பணியாளரான வில்லியம் கிங்கும் தொடர்ந்து தேடினர். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கம் என்னும் ஊரருகே ஓடைக்கரையின் அடுக்கினுள்ளேயே பதிந்திருந்த கருவிகளைக் கண்டனர். வழக்கு வென்றது. பல்லாவரம் தொடக்கம், அத்திரம்பாக்கமே சான்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார் பலர் உளராதலின் இதனை விரித்துரைத்தோம்.

இனி இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோம். ஃபூட் அக்கல்லைக் கையில் எடுத்த நாளில், அது எக்காலத்தது என்று சொல்ல ஒரு சொல்லே இல்லை! கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலங்களாகப் பழம்பொருள்களைப் பகுக்கும் முறையை டென்மார்க்கு நாட்டுத் தாம்சன் என்பவர் 1836-ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டிருந்தார். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்த பொருள்களை ஒழுங்குபடுத்த அவர் கண்ட வழி அது. அதனுள் கற்காலத்தை இரண்டாக வகுத்து, செதுக்கிய கருவியின் காலத்தைப் பழங்கற்காலம் என்றும், தேய்த்து மெருகிட்ட கருவியின் காலத்தைப் புதிய கற்காலம் என்றும் பொருள்படும் பெயர்களை ஜான் லப்பக் இட்டது 1865-இல்தான். பல்லாவரத்துக் கல் வெளிப்பட்டு ஈராண்டு கழிந்த பின்னரே அதற்குப் பெயர் பிறந்தது. ஃபூட்டும் பிற்காலத்தில் அப்பெயர்களையே மேற்கொண்டார்.

ஆனால் வேற்றுநாட்டு வாய்பாட்டை அவர் கண்மூடி இந்நாட்டின்மேற் சார்த்தவில்லை. நாற்பதாண்டுக் காலம், வடக்கே குஜராத்து முதல் தெற்கே திருநெல்வேலிச் சீமை வரை அலைந்து திரட்டிய கருவிகளையும் ஓடுகளையும் முன்வைத்து அவர் இரண்டு செய்திகளை வெளியிட்டார். ஒன்று, தென்னாட்டில் கல்லுக்குப் பின் வெண்கலக் காலம் என ஒன்று தனித்துக் காணப்படவில்லை. புதிய கற்காலத்தை அடுத்து இரும்பே வருகின்றது என்பது. மற்றொன்று, பழங்கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நெடியதோர் இடைவெளி இருக்கின்றது என்பது. சபர்மதி ஆற்றங்கரையில் 1893-இல் அவர் கண்ட காட்சி இதற்கு உறுதி தந்தது. அங்கே பழங்கற்கருவிகள் கிடந்த சரளைக்கு மேல் பெருந்தடிப்பாக வண்டல் மூடியிருந்தது. அவ்விடைவெளிக்கு ஒரு கற்பனைப் பெயரைச் சூட்டி அவர் நிரப்ப முற்படவில்லை. காணாததைக் காணேன் என்று எழுதிவைத்தார். எம் கருத்தில் அவர் பெருமையெல்லாம் இவ்வொன்றிலேயே அடங்கும்.

மேலே குறித்த ஜான் எவான்ஸின் மகனார் ஆர்தர் எவான்ஸ் என்பவர். அவர் 1900-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டைச் சார்ந்த கிரீட்டுத் தீவில் நாசஸ் என்னும் அரண்மனை மேட்டை அகழத் தொடங்கினார். அங்கே மட்கலங்கள் அடுக்கடுக்காய்க் கிடைத்தன. அவற்றின் வண்ணமும் வடிவும் மாறிய முறையைக் கொண்டு காலத்தை முற்பகுதி, இடைப்பகுதி, பிற்பகுதி என மூன்றாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் மும்மூன்றாய்ப் பகுத்தார். பழங்கதையில் வரும் மைனாஸ் என்னும் மன்னன் பெயரால் அவற்றை மினோவன் காலங்கள் என்று அழைத்தார். கிரேக்கப் பெருநிலத்திற்கு ஹெல்லாடிக் என்றும், ஏஜியன் கடலின் நடுத்தீவுகளுக்குச் சைக்கிளாடிக் என்றும் அதே அச்சில் பிற அறிஞர் பெயரிட்டனர். எகிப்து நாட்டு மன்னர் காலத்துப் பொருள்கள் சில அங்கும், அவ்விடத்துக் கலங்கள் சில எகிப்திலும் கிடைத்தமையால் ஆண்டுக்கணக்கும் ஒருவாறு அமைந்தது. தந்தை சான்று பகர்ந்த துறையிற் பல்லாவரத்து ஃபூட் புகுந்தார். மகனோ அத்துறைக்கே மணிமுடி சூட்டினார். ஆனால் ஆர்தர் எவான்ஸுக்குக் கிட்டிய ஏணி ஃபூட்டுக்குக் கிட்டவில்லை. அவர் சரளையில் கலங்கள் இல்லை, கணக்குக் காட்ட அரசர் பட்டியலும் இல்லை. ஏறத்தாழக் கல்லின் வடிவும் அது கிடந்த அடுக்குமே துணை. மினோவன் என்பது எவ்வளவு ஒழுங்காயினும் கதை மன்னனின் பெயரே என்பதையும் மறத்தலாகாது.

ஃபூட் வெறுமையாய் விட்ட இடத்தைப் பின்வந்தோர் சிறிது சிறிதாக நிரப்பினர். 1930-இல் காமியேடு, பர்க்கிட்டு என்னும் இருவர் தென்கீழ் இந்தியக் கற்கருவிகளை நான்கு வரிசைகளாக்கி, பெருங்கோடரியிலிருந்து நுண்கற்கருவி வரை படிகளைக் காட்டினர். அடுத்துப் பேட்டர்சன், வி. டி. கிருஷ்ணசாமி முதலியோர் கொற்றலையாற்றுப் படிக்கட்டுகளை ஆராய்ந்தனர். 1961-இல் தில்லியிற் கூடிய ஆசியத் தொல்லியல் மாநாடு, ஐரோப்பியப் பெயர் இந்நாட்டுக்குப் பொருந்துமோ என ஐயுற்று, முற்கற்காலம், இடைக்கற்காலம், பிற்கற்காலம் என்று வழங்க விழைந்தது. பின்னர் அறிஞர் பழங்கற்காலத்தையே கீழ், நடு, மேல் என மூன்றாக்கி வழங்கத் தலைப்பட்டனர். சென்னைக் கோடரிகளுக்கு ஒருகாலத்து மதராசியத் தொழில் என்றும் பெயர் இருந்தது; இன்று பிரான்சு நாட்டு அமியென் நகரின் புறஞ்சேரியான சேன் அசூல் பெயரால் அசூலியன் என்கின்றனர். பல்லாவரம் போன்ற ஒரு புறஞ்சேரியே அதுவும்! முதலிற் கண்டவர் ஊருக்கே பெயர் போகும் போலும்.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் 1999 முதல் அகழ்ந்து, அங்குள்ள அசூலியன் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையின என்று 2011-இல் வெளியிட்டனர். நடுப்பழங்கற்கால முறை அங்கே 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தொடங்கிற்று என்று 2018-இல் உரைத்தனர். இரும்பைப் பற்றி ஃபூட் கூறியதும் இன்று புதுவன்மை பெறுகின்றது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கின்றது என்று 2025-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அக்கணக்கின்படி, ஏஜியன் தீவினர் வெண்கலக் காலத்து வாயிலில் நிற்கும்போது பொருநைக் கரையினர் இரும்புக் காலத்தினர் ஆகின்றனர். ஆதலின் காலப்பெயர் ஆண்டைக் குறிப்பதன்று. ஒவ்வொரு நாட்டார் கைத்தொழிலின் படியையே குறிப்பது.

நம் போன்ற சங்கத்து இதழ்களில் எம்மரபே தொன்மரபு என நிலைநாட்டப் பலர் முயல்வதுண்டு. யாமும் அவ்வாறு எழுதியிருக்கின்றோம். பல்லாவரத்துக் கல்லைக் காட்டி அவ்வாறு உரிமை பேச எவர்க்கும் இயலாது. அதனைச் செதுக்கிய கைகள் குலமும் குடியும் மொழிப்பெயரும் நமக்கு எட்டாத காலத்தவை. சிறுவரோடு இதனைப் பேசும் பெற்றோர் இச்செய்தியை மறையாது சொல்லல் நன்று.

ஃபூட்டின் பிற பணிகளையும் சிறிது கூறுவோம். கன்னட நாட்டுப் பொன்விளை பாறைகளை ஆராய்ந்து அவற்றுக்குத் தார்வார் தொகுதி என்று ஊர்ப்பெயரால் பெயரிட்டவர் அவரே. 1884, 1885-ஆம் ஆண்டுகளில் கர்நூல் பகுதிப் பில்லசுர்க்கம் குகைகளைத் தம் மகன் ஹென்றியோடு அகழ்ந்தார். பெல்லாரிப் பகுதியிற் காணும் சாம்பல் மேடுகளை மக்கள் அரக்கரைச் சுட்ட இடம் என்றனர். எரிமலைக் கழிவு என்றாரும் உளர். அவை பண்டை மக்களின் மாட்டுப்பட்டிகளிற் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே என்று ஃபூட் துணிந்தார். 1957-இல் ஊத்னூரில் ஆல்சின் நடத்திய அகழ்வு அவர் துணிபே சரியென மெய்ப்பித்தது. தொழுவத்தை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பன்று. மேல்நாட்டார் ஒருவர் உணர்ந்ததே வியப்பு.

1891-இல் அரசுப்பணியினின்று ஓய்வுபெற்றபின் பரோடா சமஸ்தானத்திலும், பின்பு மைசூர்ச் சமஸ்தானத்துப் புவியியல் துறையின் முதல் தலைவராகவும் பணிபுரிந்தார். எஞ்சிய நாள்களை ஏற்காட்டு மலையிற் கழித்தார். வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்களையும் கலவோடுகளையும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைகொடுத்து வாங்கிற்று. கடல் கடந்து போகாமல் அவை எழும்பூரிலேயே தங்கின. அவற்றுக்கு ஒவ்வொன்றாய்க் குறிப்பெழுதி அட்டவணை செய்யும் வேலையில் முதுமையெல்லாம் ஈடுபட்டிருந்த அவர், 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அட்டவணை 1914-இல் வெளிவந்தது. அக்கருவிகளின் காலத்தையும் அவை பரந்த இடங்களையும் ஆராயும் இரண்டாம் தொகுதி 1916-இல் வெளிவந்தது. அவர் நினைவுக்கல் ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் இருக்கின்றது.