சமணர் இல்லத்தில் மாணவரான தமிழாசிரியர்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

திண்டிவனத்திற்கு மேற்கே, செஞ்சி வட்டாரத்தில் உள்ள மேல்சித்தாமூரை அறியாத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. நம் மடமும் திருக்கோயிலும் விளங்கும் அவ்வூரைப் பற்றிப் புலவரிடையே வழங்கி வரும் வரலாறு ஒன்று உண்டு. மதுரை நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணிக்கு முதலில் ஓர் உரை எழுதினாராம். அவ்வுரையைக் கண்ட சமணப் பெரியோர் சமயக் கருத்துகள் செவ்வையாக அமையவில்லை என்று அதனை ஏற்க மறுத்தனராம். சிவநெறியினரான அவர் சினங்கொள்ளவில்லை. சிற்றாமூருக்கு வந்து தங்கிச் சமண நூல்களை முறையாகப் பாடங்கேட்டு, மீண்டும் உரை வரைந்து அவர்கள் உடன்பாட்டைப் பெற்றாராம். இன்று நம் கையிலுள்ளது அந்த இரண்டாம் உரையே என்பர். சிற்றாமூர் என்பதே சித்தாமூர் என வழங்குகிறது.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே நூலுக்காக மற்றொரு சைவர் சமணர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவர் மாணவரல்லர், அரசினர் கல்லூரியில் தமிழ் கற்பித்து வந்த ஆசிரியர். தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வில் நாம் இங்குச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புவது அந்த ஒரு பகுதியையே. அவர் ஏடு தேடி அலைந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் பாடங்கேட்டு அலைந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஐயர் 19-2-1855 அன்று பிறந்தார். சொந்த ஊர் அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் தேற வேண்டும் என்று விரும்பியவர். மகனுக்கோ தமிழ்மீது தீராத வேட்கை. அதனை உணர்ந்த தந்தையார், தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கு உளரோ அங்கெல்லாம் குடும்பத்துடன் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊர்தோறும் ஓர் ஆசிரியர். ஒருவர் ஒரு நூலில் வல்லவர். மற்றவர் வேறொன்றில் வல்லவர். தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்து, தமக்கு மேற்பட்டவரிடம் அனுப்பிவைக்கும் பண்பு அன்றைய ஊர்ப்புற ஆசிரியர்களிடம் இருந்தது. ஊரார் அக்குடும்பத்திற்கு நெல்லும் இருக்க இடமும் கொடுத்தனர். ஒரு பிள்ளையின் படிப்பை ஊர் சேர்ந்து சுமந்த காலம் அது.

பதினேழாம் பிராயத்தில் அவர் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். பிள்ளையவர்கள் பாடம் சொன்ன முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் காலம் கழித்த நமக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு. புதிதாக வந்தவரைத் தம் மாணவரான சவேரிநாத பிள்ளையிடம் முதலில் பாடங்கேட்குமாறு அவர் பணித்தார். சவேரிநாத பிள்ளை கிறித்துவர். மகாவித்துவானிடம் நேரே கேட்க வேண்டும் என்று ஏங்கி வந்த இளைஞருக்கு இது மனக்குறையாகவே இருந்தது. சில காலத்தில் அக்குறை நீங்கியது. ஆயினும் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுக்கும் இம்முறை நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் தொன்றுதொட்டு வந்ததாகும். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதனைக் கண்டு கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். நம் திண்ணையிலிருந்து சென்ற முறையை நாம் பின்னர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதினோம் என்பது வேடிக்கை.

பிள்ளையவர்களின் மாணாக்கருள் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் போன்ற முஸ்லிம் புலவரும் இருந்தனர். வந்தவர் தமிழைக் கேட்க வந்தாரா என்பதையே அவர் பார்த்தார். 1876-இல் அவர் மறையும் வரை ஐயர் உடனிருந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கல்வி தொடர்ந்தது.

1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையவர்களின் மாணவரே. தம் இடத்தில் ஐயரை அமர்த்த வேண்டும் என்று அவர் பெரிதும் முயன்றார். மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் ஐயர் பணியேற்றபோது வயது இருபத்தைந்து. செய்யுளை இசையுடன் சொல்லி விளக்கும் அவரது வகுப்பு மாணவர்க்கு மிகவும் பிடித்திருந்தது. இனிக் கற்க வேண்டியது அதிகமில்லை என்று எண்ணும் நிலைக்கு ஓர் இளம் ஆசிரியர் வந்துவிடக் கூடிய கட்டம் அதுவே.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்த எண்ணத்திற்கு இடமில்லாமற் போயிற்று. கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற வினாவிற்கு அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்டதொரு பட்டியலை ஒப்பித்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கு முற்பட்ட நூல்களாகிய சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் இல்லையென்றார். பின்னர் முதலியார் சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து, அதனைப் படித்துத் தமக்கும் பாடஞ்சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நூலைத் திறந்ததும் ஐயருக்குத் திகைப்பு உண்டாயிற்று. தமிழ் தெரிந்தது, பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் தம் காலத்தவர்க்குத் தெரிந்தவை என்று விளக்காமல் விட்ட சமயக் குறிப்புகள் பல. முழு நூல் அச்சாகவில்லை. பவர் பாதிரியார் 1868-இல் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். பன்னிரண்டு இலம்பகங்கள் ஏட்டிலேயே கிடந்தன. தம் ஆசிரியரும் இந்நூலைப் பாடஞ்சொன்னதில்லை. வேறு யாரிடம் கேட்பது?

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்திற்கு ஐயர் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமும் விழாக்கோலம் காட்டின. இன்று என்ன விசேடம் என்று வினவினார். சிந்தாமணி பாராயணம் பல மாதங்களாக நடைபெற்று இன்று நிறைவெய்துகிறது என்று அங்கிருந்தோர் கூறினர். ஐயர் அசைவற்று நின்றுவிட்டார். தமிழ்நாட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று தாம் எண்ணிய நூல், தாம் பாடஞ்சொல்லும் கல்லூரிக்குச் சிறிது தொலைவில், ஒரு வீட்டுக் கூடத்தில் பெண்டிரும் பிள்ளைகளும் கேட்கப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது! கல்லூரிக்கு அது தெரியாது. அவ்வீட்டாருக்கோ அதில் புதுமையே இல்லை.

அன்று முதல் ஐயர் அவ்வீட்டு மாணவரானார். கல்லூரி விட்டதும் ஐயங்களைக் குறித்துக்கொண்டு செல்வார். அவரைப் பல நாள் வருத்திய சொற்களுக்குச் செட்டியார் வெகு எளிதாகப் பொருள் சொல்வார். நம் வட்டாரத்து வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினாரும் அவருடைய ஐயங்களை நீக்கியவர்களுள் ஒருவர். திண்டிவனத்திற்கு அருகில் உள்ள வீடூரை இன்று பலரும் அணைக்கட்டின் பெயரால் அறிவர். ஐயர் அதனைப் புலமையின் பெயரால் அறிந்தார். இவ்வளவு ஆர்வத்தோடு கேட்கும் அந்தணரைப் பார்த்து, இவர் பவ்ய ஜீவன் என்று சமணர் சொன்னதை ஐயர் தம் வரலாற்றில் மகிழ்வோடு பதிந்துள்ளார். வீடு பேற்றிற்குரிய பக்குவம் வாய்ந்த உயிர் என்பது அதன் பொருள் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டங்கள் பல பின்னர் அவரை அடைந்தன: 1906-இல் மகாமகோபாத்தியாயர், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர். ஆயினும் ஒரு வீட்டுக் கூடத்தில் கிடைத்த முதற் பட்டம் எங்கள் உள்ளத்தில் தனியிடம் பெற்றது.

இங்கு எம் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றில் நாம் பணியாற்றியபோது, மாதிரி வகுப்பு நடத்திய பயிற்சி மாணவி ஒருத்தியை ஒரு சிறுவன் ஏதோ கேட்டான். தனக்குத் தெரியவில்லை, நாளைக்குக் கேட்டு வந்து சொல்கிறேன் என்று அவள் விடையிறுத்தாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த நாம் பாடக்குறிப்பேட்டில் ஆயத்தம் போதாது என்று சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். மறுநாள் அவள் உண்மையிலேயே ஓர் உழவரிடம் கேட்டு வந்து அச்சிறுவனுக்குச் சொன்னாள் என்பது பிறகே நமக்குத் தெரிந்தது. மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டது. ஐயரின் வரலாற்றில் சந்திரநாத செட்டியார் வரும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அச்சிவப்பு மை நம் நினைவுக்கு வரும்.

ஏழாண்டு உழைப்பு. ஏடுகளைத் தேடி ஒப்பிடுதல், பாடவேறுபாடு குறித்தல், விடுமுறைதோறும் சென்னை சென்று அச்சுப்பிழை திருத்துதல், முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பொருள் சேர்த்தல் என்று அது சென்றது. தஞ்சையில் விருஷபதாச முதலியாரிடமிருந்து ஒரு பிரதி கிடைத்தது. சைவ மடத்தின் தலைவரான சுப்பிரமணிய தேசிகரும் சமண நூலாயிற்றே என்று தயங்காமல் துணைநின்றார். 3145 செய்யுள் கொண்ட முழுநூல் உரையுடன் 1887-இல் வெளிவந்தது. திருத்தக்க தேவர் வரலாறு, நச்சினார்க்கினியர் வரலாறு, சீவகன் சரித்திரச் சுருக்கம் ஆகியவற்றையும் ஐயர் அதில் சேர்த்தார். வீட்டுக் கூடங்களில் கேட்டறிந்த செய்தி இவ்வாறு எல்லார்க்கும் உரியதாயிற்று.

பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று பதிப்புகள் தொடர்ந்தன. மணிமேகலைக்கு வந்தபோது மீண்டும் அதே இடர், இம்முறை பௌத்தம். கேட்பதற்குத் தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பம் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. நூல்வழி பௌத்தம் பயின்ற மளூர் ரங்காசாரியரை அணுகிக் கற்றார். 1898-இல் மணிமேகலையை வெளியிட்டபோது புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைத் தாமே எழுதி இணைத்தார். இவ்விரண்டு நூல்களையும் ஒப்பிட்டு நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு. ஒன்றுக்குப் பொருள் சொல்ல வீடு இருந்தது. மற்றொன்றுக்கு வீடு இல்லை.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919 வரை பணியாற்றினார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். முதுமையில் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதி வந்தார். அது முற்றுப்பெறு முன்னரே, 28-4-1942 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார். 1950-இல் அது நூலாயிற்று. ஆசிரியர் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கல்வி உளவியல் நூலோடு அதனையும் படித்தல் நன்று. தடித்த நூலாயினும் கதைபோல் ஓடும்.

சென்ற மாதம் விழுப்புரத்திற்கு அருகில் அரசுப் பள்ளியொன்றில் பணிபுரியும் இளந்தமிழாசிரியர் ஒருவர் திண்டிவனத்தில் உள்ள எங்கள் இல்லத்தைத் தேடி வந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். சிந்தாமணியில் மூன்று ஐயம் என்றார். மும்மணிகளைப் பற்றிய முதல் ஐயத்திற்கும் சமவசரணத்தைப் பற்றிய இரண்டாம் ஐயத்திற்கும் விடை சொல்லிவிட்டோம். மூன்றாவது, பதினான்கு குணஸ்தானங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பது. எட்டாவதோடு நம் நினைவு நின்றுவிட்டது. எமக்குத் தெரியவில்லை என்றோம். மேல்சித்தாமூர் சென்று கேட்டு வைக்கிறோம், அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் முகம் கோணவில்லை; குறிப்பேட்டில் அவ்விடத்தை வெற்றிடமாக விட்டுக்கொண்டு சென்றார்.