பேட்ரிக் கெடெஸ்

சர் பேட்ரிக் கெடெஸ் (அக்டோபர் 2, 1854 - ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும், சமூகவியலாளரும், நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். ஒரு நகரத்தைத் திட்டமிடுவதற்கு முன்னர் அந்நகரையும், அதைச் சூழ்ந்துள்ள வட்டாரத்தையும், அங்கு வாழும் மக்களையும் முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும் என்பது இவரது அடிப்படைக் கொள்கையாகும். பல்வேறு நாட்டு நகரங்கள் தமது பட்டறிவைத் தம்முள் பகிர்ந்துகொள்ள வேண்டும் எனக் கருதிய இவர், அதற்காக நகரத் திட்டமிடல் கண்காட்சி ஒன்றை நாடு நாடாகக் கொண்டு சென்றார். 1914க்கும் 1924க்கும் இடையில் பெரும்பாலான காலத்தை இந்தியாவில் செலவிட்டு, தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட பல நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார்.

இளமையும் கல்வியும்

கெடெஸ், ஸ்காட்லாந்திலுள்ள பலாட்டர் என்னும் ஊரில் பிறந்து, பெர்த் நகரில் வளர்ந்தார். இவரது தந்தையார் படைவீரராக இருந்தவர். பள்ளிக் கல்விக்குப் பின் சில காலம் வங்கியில் பணியாற்றிய கெடெஸ், பின்னர் லண்டன் சென்று, புகழ் பெற்ற உயிரியலாளரான தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் பயின்றார். இவர் பல்கலைக்கழகப் பட்டம் எதையும் பெறவில்லை.

1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது இவரது பார்வை தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டது. இருட்டறையில் பல வாரங்கள் தங்கியிருக்க நேர்ந்த இவர், சாளரக் கண்ணாடிச் சட்டங்களைக் கைகளால் தடவிப் பார்த்து, கட்டங்களுக்குள் கருத்துகளை அமைத்துச் சிந்திக்கும் முறையொன்றை உருவாக்கிக்கொண்டார். பார்வை மீண்டதாயினும் நுண்ணோக்கியுடன் நெடுநேரம் பணி புரிவது கடினமாயிற்று. இதன் பின்னர் இவரது கவனம் படிப்படியாகச் சமூகத்தின் பக்கம் திரும்பியது. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் இவரது கருத்து, பிரெஞ்சு சமூகவியலாளர் லெ பிளேயின் சிந்தனையிலிருந்து வளர்ந்ததாகும்.

எடின்பரோவில்

1886இல் அன்னா மோர்ட்டன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நோரா, அலஸ்டேர், ஆர்தர் என மூன்று பிள்ளைகள். திருமணத்துக்குப் பின்னர் இத்தம்பதியினர், அக்காலத்தில் வறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த எடின்பரோ பழைய நகர்ப் பகுதியில் குடியேறினர். அங்கே பழுதடைந்த வீடுகளைச் சீர்படுத்தியும், வெற்றிடங்களைத் தோட்டங்களாக்கியும் அண்டை அயலாருடன் சேர்ந்து பணியாற்றினர். பழைய பகுதிகளை முற்றாக இடிப்பதற்கு மாறாக, மிகவும் கெட்டுப்போனவற்றை மட்டும் அகற்றி ஏனையவற்றைக் காக்கும் முறை இங்குதான் உருவானது. இதனை மருத்துவத் துறைச் சொல்லால் பேணல் அறுவை என இவர் அழைத்தார்.

1892இல் எடின்பரோவிலுள்ள ஒரு கோபுரக் கட்டடத்தைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரம் என்னும் அருங்காட்சியகமாக மாற்றினார். உச்சியில் நகரின் காட்சியைத் திரையில் காட்டும் இருட்டறைக் கருவியும், அதற்குக் கீழே எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, உலகம் என ஒவ்வொரு தளமும் அமைந்திருந்தன. தன் ஊரை அறிந்தவனே உலகை அறிவான் என்பதும், உலகை அறியாமல் தன் ஊரை முழுமையாக அறிய இயலாது என்பதும் இவ்வமைப்பின் பொருளாகும்.

1888 முதல் 1919 வரை டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு, ஏனைய மாதங்களில் பிற பணிகளுக்கும் பயணங்களுக்கும் வாய்ப்பளித்தது.

அனைத்துலகப் பணிகள்

1900இல் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின்போது அனைத்துலகக் கோடைப் பள்ளி ஒன்றை நடத்தினார். உலக அறிவு முழுவதையும் தொகுக்க முயன்ற பெல்ஜிய அறிஞர் பால் ஓட்லே இவருடைய நெடுநாள் நண்பராவார். 1910இல் லண்டனில் நடைபெற்ற நகரத் திட்டமிடல் மாநாட்டில் எடின்பரோ பற்றிய இவரது காட்சிப்பொருட்கள் வைக்கப்பட்டன. அவற்றை விரிவுபடுத்தி, 1911 முதல் நகரங்கள் மற்றும் நகரத் திட்டமிடல் கண்காட்சியாகப் பல ஊர்களில் நடத்தினார்.

1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அனைத்துலக நகரங்கள் மாநாடு நடைபெற்றபோது இக்கண்காட்சி அங்கே இடம்பெற்றுப் பரிசும் பெற்றது. அம்மாநாட்டில் உருவான நகரங்களின் அனைத்துலக ஒன்றியமே, உள்ளாட்சி அமைப்புகளுக்கிடையேயான உலகளாவிய ஒத்துழைப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இவ்வொன்றியத்தின் வழிவந்த அமைப்பு 2004இல் வேறு அமைப்புகளுடன் இணைந்து, ஐக்கிய நகரங்கள் மற்றும் உள்ளாட்சிகள் அமைப்பானது.

இந்தியாவில்

அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் கெடெஸ் இந்தியா வந்தார். இவரது கண்காட்சிப் பொருட்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய செருமானியப் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் அக்கப்பலையும் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்களும் படங்களும் முற்றாக அழிந்தன. எனினும் நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய பொருட்களைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் இந்தியாவின் வேறு நகரங்களிலும் அது காட்டப்பட்டது.

சென்னை மாகாணத்தின் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகள் 1915இல் வெளியாயின. கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளையும் குளங்களையும் இவர் பெரிதும் மதித்தார். குளங்களைத் தூர்ப்பதைவிடத் தூய்மைப்படுத்திப் பேணுவதே நன்று என வாதிட்டார். தஞ்சாவூரில் நெருக்கமான பகுதியின் ஊடாக நேரான சாலைகளை அமைக்க முன்வைக்கப்பட்ட திட்டத்தை ஆராய்ந்து, அதனால் பல குடும்பங்கள் வீடிழக்கும் எனக் காட்டினார். சில வீடுகளை மட்டும் அகற்றி, சந்துகளையும் சிறு வெளிகளையும் இணைத்தால், மிகக் குறைந்த செலவில் காற்றும் ஒளியும் கிடைக்கும் என்பது இவரது மாற்றுத் திட்டமாகும். சென்னை மாகாணத்தில் 1920இல் நகரத் திட்டமிடல் சட்டம் இயற்றப்பட்டது.

1917ஆம் ஆண்டு இவருக்குப் பெருந்துயரைத் தந்தது. ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சின் போர்முனையில் இறந்தார். அப்போது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலால் நோயுற்றிருந்ததால், மகன் இறந்த செய்தியைக் கெடெஸ் அவரிடம் தெரிவிக்கவில்லை. அன்னா அதனை அறியாமலேயே ஜூன் மாதத்தில் காலமானார்.

இத்துயரின் பின்னரும் கெடெஸ் பணியைத் தொடர்ந்தார். இந்தோர் நகரில் கொள்ளைநோய் அச்சம் நிலவியபோது, தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்து, வீடுகளை நன்கு தூய்மை செய்துள்ள தெருக்களின் வழியாகவே அது செல்லும் என அறிவித்தார். தம் தெருவுக்கு ஊர்வலம் வர வேண்டும் என மக்கள் போட்டியிட்டுத் துப்புரவு செய்தனர். இந்தோர் பற்றிய இவரது அறிக்கை 1918இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியச் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல இவர் உதவினார். ஜகதீஷ் சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இரவீந்திரநாத் தாகூருடனும் இவருக்கு நட்பு இருந்தது.

பிற்கால வாழ்க்கை

1919இல் பாலஸ்தீனம் சென்று, எருசலேம் நகருக்கும் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கும் திட்டங்களை வரைந்தார். 1925இல் டெல் அவீவ் நகருக்கு இவர் அளித்த திட்டம் பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தின் அடிப்படையில் வளர்ந்த வெண் நகரப் பகுதியை யுனெஸ்கோ 2003இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

உடல்நலக் குறைவால் இந்தியாவை விட்டு நீங்கிய கெடெஸ், பிரான்சின் மான்ட்பெலியரில் குடியேறி, பல நாட்டு மாணவர்களும் சேர்ந்து வாழ்ந்து பயில்வதற்கான ஸ்காட்டியக் கல்லூரியை நிறுவினார். 1932இல் சர் பட்டம் பெற்று, அதே ஆண்டு அங்கேயே காலமானார்.

விமர்சனங்கள்

கெடெசின் திட்டங்களில் பல நிறைவேறவில்லை. இவரது எழுத்து நடை கடினமானது என்பதும், தொடங்கிய பணிகள் பலவற்றை இவர் முடிக்கவில்லை என்பதும் பொதுவாகக் கூறப்படும் குறைகளாகும். மக்களின் பங்கேற்பை வலியுறுத்தினாலும், காலனித்துவ அரசையும் சமஸ்தான மன்னர்களையும் சார்ந்தே இவர் செயற்பட நேர்ந்தது. பாலஸ்தீனத்தில் இவரது பணிகள் அரசியல் சார்பற்றவையல்ல என்றும் விமர்சிக்கப்படுகிறது.

தாக்கம்

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்டு, கெடெசைத் தமது ஆசானாகக் கருதினார். நகரத் திட்டமிடலாளர் ஜாக்குலின் டிர்விட், கெடெசின் இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை 1947இல் நூலாக வெளியிட்டார். 1954இல் புது தில்லியில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் அவையின் வீட்டுவசதிக் கருத்தரங்கிலும் டிர்விட் பங்காற்றினார்.

மனிதக் குடியிருப்புகள் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடுகள் வான்கூவர் (1976), இஸ்தான்புல் (1996), கீட்டோ (2016) ஆகிய நகரங்களில் நடைபெற்றன. நகர மற்றும் நிலப்பரப்புத் திட்டமிடலுக்கான அனைத்துலக வழிகாட்டு நெறிகள் 2015இல் ஏற்கப்பட்டன. நகரையும் வட்டாரத்தையும் ஒன்றாகக் காண்பதும், மக்களை இணைத்துத் திட்டமிடுவதும் இந்நெறிகளில் இடம்பெற்றுள்ளன. நெருக்கமான குடியிருப்புகளை அகற்றுவதா, அங்கேயே மேம்படுத்துவதா என்னும் கேள்வி இன்றும் பல நாடுகளில் தொடர்வதால், கெடெசின் அறிக்கைகள் திட்டமிடல் மாணவர்களால் தொடர்ந்து படிக்கப்பட்டு வருகின்றன.

முக்கிய நூல்கள்

* பாலினத்தின் படிமலர்ச்சி (1889, ஜே. ஆர்தர் தாம்சனுடன்)
* நகர மேம்பாடு (1904)
* படிமலர்ச்சியில் நகரங்கள் (1915) - அருகருகே வளர்ந்து ஒன்றாகிவிடும் நகரங்களைக் குறிக்கும் கோனர்பேஷன் என்னும் சொல்லை அறிமுகப்படுத்திய நூல்
* சர் ஜகதீஷ் சந்திர போசின் வாழ்வும் பணியும் (1920)