ஒரே வரியில் சாஃப்ட்வேர் இன்ஸ்டால்... லினக்ஸ் உலகத்துக்கு வழி போட்ட இயன் மர்டாக் யார்?

போனில் ஒரு ஆப் வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? பிளே ஸ்டோரைத் திறந்து, பெயரைத் தேடி, இன்ஸ்டால் பட்டனைத் தட்டுகிறோம். அவ்ளோதான். அந்த ஆப் ஓடுவதற்கு வேறு என்னென்ன தேவை, பழைய வெர்ஷனை யார் எடுப்பது, நாளைக்கு அப்டேட் வந்தால் நம்ம செட்டிங்ஸ் என்ன ஆகும் என்று யாரும் கவலைப்படுவதில்லை.

பிளே ஸ்டோரின் பழைய வடிவமான ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது 2008-ல். ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் அதே ஆண்டுதான். ஆனால் பெயரைச் சொன்னால் போதும், தேடி எடுத்து, கூடவே தேவைப்படுவதையும் சேர்த்து இன்ஸ்டால் செய்து கொடுக்கும் வசதி அதற்குச் சுமார் 10 ஆண்டுகள் முன்பே லினக்ஸ் கணினிகளில் இருந்தது.

அந்த வழியைப் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் இயன் மர்டாக். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. இறந்தபோது 42.

பேராசிரியர் வீட்டுப் பையன்

மர்டாக் பிறந்தது 1973 ஏப்ரல் 28-ல், அன்றைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில். வளர்ந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில். அப்பா பர்டியூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர். மகனும் அதே பர்டியூவில்தான் சேர்ந்தார். ஆனால் ஆரம்பத்தில் அவர் படித்தது கம்ப்யூட்டர் இல்லை, கணக்கியல்!

கல்லூரியில் இருந்த பெரிய யூனிக்ஸ் கணினி அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டது. யூனிக்ஸ் அப்போது பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் மட்டுமே இருந்த, விலை அதிகமான சமாச்சாரம். அதே மாதிரி ஒன்றை வீட்டு கம்ப்யூட்டரிலேயே இலவசமாக ஓட்டலாம் என்று ஒரு செய்தி வருகிறது. அதுதான் லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது.

லினக்ஸ் என்பது உள்ளே இருக்கும் கெர்னல் மட்டும்தான். எஞ்சின் மாதிரி. எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது இல்லையா? சக்கரம், ஸ்டீயரிங், சீட் எல்லாம் சேர்த்துத் தர ஒருவர் வேண்டும். அப்படிச் சேர்த்துத் தரும் தொகுப்புக்குத்தான் டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர், செல்லமாக டிஸ்ட்ரோ.

ப்ளாப்பியும் தலைவலியும்

1993-ல் அதிகம் பேர் பயன்படுத்திய டிஸ்ட்ரோ எஸ்எல்எஸ். கட்டுக் கட்டாக ப்ளாப்பி டிஸ்குகளில் இறக்கி, ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது பரவாயில்லை, ஒரு தடவை உட்கார்ந்து முடித்துவிடலாம். பிரச்னையே அதற்குப் பிறகுதான்.

உள்ளே இருந்த புரோகிராம்களில் ஏகப்பட்ட பிழைகள். ஒன்றைச் சரிசெய்து புது வெர்ஷன் வந்தால், பழையதின் மேலேயே அள்ளிக் கொட்ட வேண்டும். எந்த ஃபைல் எந்த புரோகிராமுக்குச் சொந்தம் என்று சரியான கணக்கு கிடையாது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று படுத்துவிடும். கடைசியில் பலரும் எடுத்த முடிவு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவது போல.

எஸ்எல்எஸ் மேல் கடுப்பானவர் மர்டாக் மட்டும் இல்லை. பேட்ரிக் வோல்கர்டிங் என்ற மாணவர் அதைச் சீர்செய்து ஸ்லாக்வேர் என்று 1993-லேயே வெளியிட்டார். மர்டாக் போன ரூட் வேறு. தனி ஒருவரால் ஒரு டிஸ்ட்ரோவை ஒழுங்காகப் பராமரிக்கவே முடியாது என்பது அவருடைய கணக்கு. தொகுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு தன்னார்வலரிடம் கொடுத்து, எல்லோரும் ஒரே விதிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பேக்கேஜ். மர்டாக் எழுதிய கோடை விட இந்த ஒரு முடிவுதான் பெரிய விஷயம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் எழுதிய கோடை மற்றவர்கள் சீக்கிரமே மாற்றி எழுதிவிட்டார்கள். அந்த ஏற்பாடு அப்படியே நின்றது.

காதலி பெயரும் தன் பெயரும்

1993 ஆகஸ்ட் 16-ல் புதிய டிஸ்ட்ரோவை அறிவித்தார். அப்போது அவருடைய காதலி டெப்ரா லின். டெப்ராவில் இருந்து டெப், தன் பெயரான இயன், இரண்டையும் ஒட்டினால் டெபியன். இருவரும் பிறகு திருமணம் செய்துகொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பிரிந்தும்விட்டார்கள். பெயர் மட்டும் பிரியவில்லை.

1994 ஜனவரியில் ஒரு கொள்கை அறிக்கையும் எழுதினார். டிஸ்ட்ரோவை விற்றுக் காசு பார்ப்பவர்கள் அதைப் பராமரிப்பதில் அக்கறை காட்டுவதில்லை என்பதுதான் அதன் மையமான புகார். ரிச்சர்ட் ஸ்டால்மேனின் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 1994 நவம்பரில் இருந்து ஓராண்டு டெபியனுக்குப் பண உதவி செய்தது.

டெபியன் வரலாற்றில் ஒரு வேடிக்கையான விஷயம், 1.0 என்று ஒரு வெர்ஷனே கிடையாது. பாதி வேலை நடந்துகொண்டிருந்த தொகுப்பை ஒரு சிடி நிறுவனம் அவசரப்பட்டு 1.0 என்று அச்சடித்துவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று டெபியன்காரர்கள் நேராக 1.1-க்குப் போய்விட்டார்கள். அது வெளியானது 1996 ஜூன் 17-ல். பெயர் பஸ், டாய் ஸ்டோரி படத்தில் வரும் பொம்மையின் பெயர். அப்போது டெபியனுக்குத் தலைமை வகித்த புரூஸ் பெரன்ஸ் வேலை பார்த்த இடம் அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார்!

ஆமாம், அதற்குள் தலைமை கைமாறிவிட்டது. 1996 மார்ச்சிலேயே மர்டாக் விலகிவிட்டார். அதே ஆண்டில்தான் பர்டியூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கினார்.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கு?

டெபியன் பேக்கேஜ் என்பது ஒரே ஒரு ஃபைல். உள்ளே இரண்டு மூட்டைகள். ஒன்றில் புரோகிராமின் உண்மையான ஃபைல்கள், எந்த ஃபோல்டரில் போய் உட்கார வேண்டுமோ அந்த அமைப்பிலேயே இருக்கும். இன்னொன்றில் அதைப் பற்றிய விவரச்சீட்டு. பெயர், வெர்ஷன், இது ஓட வேறு எந்தப் பேக்கேஜ் வேண்டும், எதோடு ஒத்துப்போகாது, இன்ஸ்டாலுக்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இந்த மூட்டையைப் பிரித்துப் போடும் கருவியின் பெயர் டிபிகேஜி. 1994 ஜனவரியில் அதன் முதல் வடிவத்தை மர்டாக் எழுதினார். பிறகு சிலர் சேர்ந்து மாற்றினார்கள். அதே ஆண்டில் இயன் ஜாக்சன் என்பவர் முக்கியப் பகுதியை சி மொழியில் திரும்ப எழுதினார். (இவரும் இயன்தான், ஆனால் வேறு ஆள்.)

டிபிகேஜி செய்யும் முக்கியமான வேலை கணக்கு வைப்பது. எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுடையது என்று ஒரு பதிவேடு அதனிடம் இருக்கும். அதனால் ஒன்றை நீக்கச் சொன்னால் அதனுடைய ஃபைல்களை மட்டும் எடுக்கும். அடுத்தவர் வீட்டு ஃபைல் மேல் கை வைக்க வந்தால் நிறுத்திவிடும்.

அப்கிரேடில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. புது ஃபைலை முதலில் வேறு பெயரில் பக்கத்தில் எழுதி வைக்கும். முழுசாக எழுதிய பிறகுதான் பெயரை மாற்றி பழையதின் இடத்தில் உட்கார வைக்கும். அந்த நேரத்தில் பழைய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால்? ஒன்றும் ஆகாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஓடுகிற புரோகிராம் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு வேலையை முடிக்கும். அடுத்த முறை தொடங்கும்போது புதியது வரும். பெரும்பாலான அப்கிரேடுக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். கெர்னலை மாற்றினால் மட்டும் வழக்கமாக ரீஸ்டார்ட் வேண்டும்.

நாம் கைப்பட மாற்றிய செட்டிங்ஸ் ஃபைல்? அங்கேதான் டிபிகேஜி மரியாதை தெரிந்த ஆள். நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், புது வெர்ஷனிலும் அந்த ஃபைல் மாறியிருக்கிறது என்றால், எதை வைத்துக்கொள்வது என்று உங்களிடமே கேட்கும். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாது.

ஆப்ட் மர்டாக் எழுதியதா?

இல்லை. இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள்.

டிபிகேஜிக்கு ஒரு குறை உண்டு. கையில் கொடுத்த பேக்கேஜை மட்டுமே அது போடும். இதற்கு இன்னொன்று வேண்டும் என்று சொல்லத் தெரியும், போய் எடுத்து வரத் தெரியாது. அந்த இன்னொன்றுக்கு வேறு மூன்று வேண்டும், அந்த மூன்றுக்கு வேறு ஐந்து... டிபென்டன்சி நரகம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அதைத் தீர்க்க ஜேசன் கன்தார்ப் உள்ளிட்ட டெபியன் தன்னார்வலர்கள் உருவாக்கியது ஆப்ட். 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-ல் முறைப்படி வந்தது. என்னென்ன வேண்டும் என்று முழுப் பட்டியலைக் கணக்குப் போட்டு, நெட்டிலிருந்து இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுப்பது இதன் வேலை. மர்டாக் அப்போது தலைமையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பேக்கேஜிலும் விவரச்சீட்டு ஒழுங்காக இருந்ததால்தான் ஆப்ட் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம். ஆப்ட் அப்டேட் என்று அடித்தால் எதுவும் அப்டேட் ஆகாது! என்னென்ன புதுசாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வரும். ஆப்ட் அப்கிரேட் என்று அடித்தால்தான் உண்மையில் மாறும். முதலாவதை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் இன்னைக்கும் உண்டு.

அதே காலத்தில் ரெட் ஹேட் நிறுவனம் ஆர்பிஎம் என்று வேறு பேக்கேஜ் முறையைக் கொண்டுவந்தது. அதுவும் இன்றுவரை ஓடுகிறது. எல்லாப் புகழும் டெபியனுக்கே என்று சொல்ல முடியாது.

வெற்றி, தோல்வி, மறுபடி பேக்கேஜ்

டெபியனை விட்டு வந்த மர்டாக், பின்னர் இண்டியானாபொலிஸில் புரொஜெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டெபியனை வைத்துத் தொழில் செய்வது திட்டம். பெரிதாக ஓடவில்லை. 2007-ல் மூடப்பட்டது. ஆனால் டெபியனை அடித்தளமாக வைத்து 2004-ல் வந்த உபுண்டு உலகம் முழுக்கப் பரவியது. அதன் பின்னால் இருந்தது தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த்தின் பணம். சொந்தக்காரருக்குக் கிடைக்காத லாபம் என்றெல்லாம் இதைச் சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தவரே அவர்தான்.

2007-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அவரை அழைத்தது. சன்னின் சோலாரிஸ் அசல் யூனிக்ஸ் பரம்பரை, தொழில்நுட்பத்தில் கெட்டி. ஆனால் அதில் ஒன்றை இன்ஸ்டால் செய்வதும், பேட்ச் போடுவதும் படாத பாடு. லினக்ஸுக்குப் பழகியவர்கள் அதன் பக்கமே வரவில்லை. லினக்ஸ் இந்தத் துறைக்குக் கொடுத்த ஆகப்பெரிய முன்னேற்றமே பேக்கேஜ் முறைதான் என்று மர்டாக் அந்த ஆண்டு எழுதினார். தன் மாநிலத்தின் பெயரிலேயே புராஜெக்ட் இண்டியானா தொடங்கியது. 2008 மே மாதம் வெளியான ஓபன்சோலாரிஸில் புதிய பேக்கேஜ் முறை இருந்தது. அப்கிரேடுக்கு முன் மொத்த சிஸ்டத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும். ஏதாவது சொதப்பினால் ரீஸ்டார்ட் செய்து பழைய நிலைக்கே போய்விடலாம். டெபியனில் அப்போது இந்த வசதி இல்லை.

2010-ல் ஆரக்கிள், சன்னை வாங்கியது. மர்டாக் வெளியேறினார். ஓபன்சோலாரிஸும் கைவிடப்பட்டது.

சில ஆண்டுகள் எக்ஸாக்ட்டார்கெட் நிறுவனத்தில் இருந்துவிட்டு, 2015-ல் டாக்கரில் சேர்ந்தார். ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து எந்த சர்வரிலும் ஓட்டும் தொழில்நுட்பம் அது. பெட்டிக்குள் பல நேரம் இருப்பது டெபியன்தான்.

2015 டிசம்பர் 28

அந்த வேலையில் அவர் சில வாரங்கள்தான் இருந்தார். டிசம்பர் கடைசியில் போலீஸுடன் ஏற்பட்ட பிரச்னை பற்றி ட்விட்டரில் அவர் போட்ட பதிவுகள், தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பதற வைத்தன. 28-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். தற்கொலை என்று மறு ஆண்டு நகர மருத்துவப் பரிசோதனை அலுவலகம் பதிவு செய்தது. (மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.)

இன்று டெபியன் எங்கே இருக்கிறது? ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினியின் இயங்குதளம் டெபியன் வழி வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் ஆப் போட்டுப் பார்த்தால், அதற்குள்ளும் ஆப்ட், டிபிகேஜி இரண்டும் இருக்கும்.

2017 ஜூன் 17-ல் ஸ்ட்ரெட்ச் என்ற பெயரில் வெளியான டெபியன் 9, மர்டாக்கின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. டெபியன் 8 வைத்திருந்தவர்கள் எதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. பட்டியல் ஃபைலில் ஜெஸ்ஸி என்று இருந்த இடத்தில் ஸ்ட்ரெட்ச் என்று மாற்றினார்கள். பிறகு ஆப்ட் அப்டேட், அடுத்து அப்கிரேட்.