பதவியைத் துறந்த ஹாக்கித் தலைவர்

உத்தியோகம் நாடி ஜார்க்கண்டு மண்ணில் குடியேறிய தமிழர்களாகிய நாம், இம்மண் ஈன்ற பெருமகனார் ஜெய்பால் சிங்கின் சரிதையை அறிந்திருத்தல் கடமையாகும்.

1903-ஆம் ஆண்டு, குந்தியை அடுத்த டக்ரா என்னும் சிற்றூரில் முண்டா குடியில் பிறந்தார் அவர். ராஞ்சியில் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, அப்பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணியில் ஆடிப் புகழ் பெற்றார். ஐ.சி.எஸ். பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சியில் இருந்தார்.

அவ்வேளையில், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஹாக்கிப் பந்தயத்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் அழைப்பு வந்தது. ரஜா கோரினார், கிட்டவில்லை. எனினும் சென்றார். ரஜா மனு திரும்பிவரின் மறுபேச்சின்றி மேஜைக்குத் திரும்பும் ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் அத்துணிவின் விலையை நன்குணர்வோம்.

ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் போட்டது. எதிரிகள் ஒன்றும் போடவில்லை. தியான் சந்த் மட்டும் 14 போட்டார். ஆயினும் கருத்து வேற்றுமையால் ஜெய்பால் சிங் இறுதி ஆட்டத்திற்கு முன்பே விலகினார். ஹாலந்தை 3-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்ற அன்று அவர் களத்தில் இல்லை.

லண்டனிலோ, பயிற்சியை மீண்டும் ஓராண்டு பெறுமாறு அதிகாரிகள் பணித்தனர். அவர் இசையாது பதவியையே துறந்தார்.

பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் உரிமைக்கு வாதாடினார். தனி மாநிலம் கோரினார். 1970-இல் மறைந்தார். அவர் கோரிய ஜார்க்கண்டு 2000-இல் உதயமாயிற்று. இறுதி வெற்றியின்போது உடனிராமை அவருக்கு இருமுறை நேர்ந்தது. எனினும் இரு வெற்றிகளிலும் அவர் பங்கு உண்டு என்பதை நாம் மறவோமாக.