தம்பிக்காக உயிர் தாங்கிய திலகவதியார்

சித்திரைச் சதயத்தில் அப்பர் பெருமானுக்குக் குருபூசை எடுக்கும் மெய்யன்பர்கள், அவரை நமக்குத் தந்த தமக்கையாரையும் நினைந்து போற்றுதல் வேண்டும். அவ்வம்மையாரின் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதியருக்குத் தோன்றியவர் திலகவதியார். அவர்தம் இளவல் மருள்நீக்கியார். அம்மையாருக்கு 12 வயதானபோது, படைத்தலைவர் கலிப்பகையாருக்கு அவரை மணம் செய்து கொடுக்கப் பெற்றோர் இசைந்தனர். திருமணம் நிகழுமுன்னரே மன்னனின் ஆணையை ஏற்றுக் கலிப்பகையார் வடபுலத்துப் பகைவர்மேல் போருக்குச் சென்றார்.

அவர் திரும்புமுன் புகழனார் நோயுற்று மறைந்தார். கணவரைப் பிரிந்து வாழாத மாதினியாரும் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன், கலிப்பகையார் போர்க்களத்தில் வீர மரணம் எய்தினார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் அவருக்கென்று இசைந்தபின் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் திலகவதியார் துணிந்தார். தாமும் உயிர் விட முற்பட்டார். அப்பொழுது மருள்நீக்கியார் தமக்கையின் திருவடிகளில் வீழ்ந்து அழுதார். அவரும் பிரிந்தால் தாம் முன்னதாகவே இறப்பதாகக் கூறினார். தம்பி வாழவேண்டும் என்ற கருணையே அம்மையாரைத் தடுத்தது. அணிகலன்களைத் துறந்தார், எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் பூண்டு இல்லத்திலேயே தவம் இருந்தார்.

அத்தம்பியும் பின்னர்ச் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். யாருக்காக உயிர் தாங்கினாரோ அவரே விலகிச் சென்றபோதும் அம்மையார் மனம் உடைந்து ஒடுங்கவில்லை. திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் திருவலகிட்டார், மெழுக்கிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருளுமாறு நாளும் இறைவனை வேண்டினார்.

இறைவன் சூலை நோய் தந்து தருமசேனரை ஆட்கொண்டான். நோயின் வேதனை தாளாது அவர் ஆளனுப்பி அழைத்தபோது, அம்மையார் சமணப் பள்ளிக்கு வர மறுத்தார். எனினும் இரவில் தம்மை நாடி வந்த தம்பியை அன்புடன் ஏற்று, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தம்பியார் முதற்பதிகம் பாடினார்; நோய் நீங்கிற்று; நாவுக்கரசர் என்னும் திருநாமம் பெற்றார்.

அறுபத்து மூவர் வரிசையில் திலகவதியார் இடம்பெறவில்லை. ஆயினும் அவர் அன்று உயிர் தாங்கியிராவிடில் அப்பரின் தேவாரம் நமக்கு ஏது? போரில் துணையை இழந்தோரின் துயரம் ஒரு நாளில் ஆறுவதன்று. பிறர்க்காக வாழ்வதும் திருத்தொண்டில் கைகளை ஈடுபடுத்துவதும் அத்துயரைத் தாங்கும் வலிமை தரும் என்பதே அம்மையாரின் வாழ்வு காட்டும் நெறி.

திருச்சிற்றம்பலம்.